பெல்ட் விளக்கு எரியும்போது

மே 7, புதன்

கை தட்டினார்கள். வேறு எதை எழுதுவதற்கு முன்பும் இதை எழுதிவிட வேண்டும். நேற்று இரவு கொல்கத்தாவிலிருந்து வந்த எங்கள் விமானம் சென்னையில் தரை தொட்டதும் பயணிகள் கை தட்டினார்கள். ஒருவர் விசில்கூட அடித்தார். அவர்கள் காலடியில், நடைபாதையில், என்னோடு வேலை பார்க்கும் பணிப்பெண் பூரணி மல்லாந்து கிடந்தாள். முதுகில் அடி, அசைக்கவே கூடாது என்று பயணிகளில் இருந்த ஒரு டாக்டர் சொன்னதால் அவளை அப்படியே தரையில் விட்டிருந்தோம். எங்களோடு பணியில் இருந்த டெனிஸ் அவள் தலையை இரண்டு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே படுத்திருந்தான். ஆம்புலன்ஸ்காரர்கள் உள்ளே வருவதற்குள் பாதிப் பேர் பெட்டி எடுக்க எழுந்துவிட்டார்கள். ஒரு மனிதர் அவளைத் தாண்டியே போனார். தாண்டும்போது "சாரிம்மா" என்று வேறு சொன்னார்.

இன்று விடுப்பு. சீருடையைத் துவைத்தேன். பாவாடையில் கப் நூடுல்ஸின் மஞ்சள் கறை. எத்தனை சோப்புப் போட்டும் போகவில்லை. ஆத்திரத்தில் குப்பைக் கூடையில் எறிந்தேன். பிறகு நானே எடுத்து மறுபடி ஊற வைத்தேன்.

மே 8, வியாழன்

தூக்கம் இல்லை. நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். நாளைக்கே யாராவது வந்து, நீ பார்த்தது வேறு என்று எனக்கே சொல்லிக்கொடுப்பார்கள்.

அந்த விமானத்தின் பணியாளர்களுக்கு நான் தலைமை. என்னோடு டெனிஸ், பூரணி, புதிதாகச் சேர்ந்த இன்னொரு பெண். பூரணி கோவில்பட்டிக்காரி. வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பயணிகள் முன்னால் என்னை "மேம்" என்பாள், திரையை இழுத்து மூடியதும் "அக்கா" ஆகிவிடுவேன்.

பயணிகள் ஏறுவதற்கு முன் கேப்டன் ஜெயசிம்மன் எங்களைக் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னார்: "வழியில வெதர் இருக்கு. விசாகப்பட்டினம் தாண்டற வரைக்கும் ஆடும். பெல்ட் சைன் ரொம்ப நேரம் ஆன்லயே இருக்கும். அதுக்காக சர்வீஸை நிறுத்தாதீங்க. நீங்க உக்காரணும்னா நானே சொல்றேன்." நான்கு பேரும் கேட்டோம். நான்கு பேரும் தலையாட்டினோம்.

வெளியில் இருப்பவர்களுக்கு இது விளங்காது. எங்கள் கம்பெனியில் புத்தகத்து விதி ஒன்று, ஓடுகிற வழக்கம் ஒன்று. விதிப்படி, தலைக்கு மேலே பெல்ட் விளக்கு எரிந்தால் நாங்களும் உட்கார வேண்டும். வழக்கப்படி, அந்த விளக்கு பயணிகளுக்கு மட்டும். நாங்கள் டிராலியைத் தள்ளிக்கொண்டே இருப்போம். கேப்டன் ஒலிபெருக்கியில் "கேபின் க்ரூ, உட்காருங்கள்" என்றால்தான் உட்காருவோம். அதற்கு முன் உட்கார்ந்தால் உடம்பு வணங்காதவள் என்று பெயர். டீயும் நூடுல்ஸும் விற்காமல் திரும்பினால் மறுநாள் காலை விளக்கம் கேட்டு மெயில் வரும்.

கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் இடது பக்கம் முழுக்க மின்னல். இடிச் சத்தம் இல்லை. மேகத்துக்குள்ளேயே எரிந்து எரிந்து அணைந்தது. குழந்தைகள் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள். பெல்ட் விளக்கு எரிந்தது. நான் முன்பக்கம், பூரணி நடுவில், டெனிஸ் பின்பக்கம். விமானம் லேசாக நடுங்கியது, கொதிக்கிற பாத்திரத்தின் மூடி போல. பூரணி ஒருவருக்கு நூடுல்ஸ் கப்பில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். உட்காரலாமா என்று கேட்கிற பார்வை. நான் ஒலிபெருக்கியைப் பார்த்தேன். அதில் ஒன்றும் வரவில்லை. அவள் மறுபடி ஊற்ற ஆரம்பித்தாள்.

அப்புறம் தரை இல்லை. காலுக்குக் கீழே இருந்தது காணாமல் போய்விட்டது. டிராலி எழும்பியது. இரண்டு பேர் சேர்ந்து தள்ளினால்தான் நகரும் டிராலி அது. பூரணி எழும்பிக் கூரையில் இடித்தாள், கூரைத் தகடு உடைந்தது. அடுத்த கணம் விமானம் கீழிருந்து எத்தப்பட்டது போல மேலே வர, அவள் ஒரு இருக்கையின் கைப்பிடிமேல் முதுகு அடிபட விழுந்தாள். வெந்நீர் கூஜா அவள் தொடைமேல். நான் சுவர்க் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தேன். விமானம் முழுக்க அலறல். எத்தனை நேரம் என்று தெரியாது, யாரும் சொல்ல முடியாது.

எல்லாம் ஓய்ந்த பிறகு ஒலிபெருக்கி பேசியது: "கேபின் க்ரூ, உட்காருங்கள்."

நான் தவழ்ந்துதான் பூரணியிடம் போனேன். அவள் கேட்டது: "அக்கா, நூடுல்ஸ் கேட்டவரு மேல வெந்நி படலைல்லா?"

மே 9, வெள்ளி

டி.வி.யில் கேப்டன் ஜெயசிம்மன். ஒரு பயணி எடுத்த வீடியோவில் அலறல், பிறகு தரையிறக்கம், பிறகு அந்தக் கைதட்டல். "புயல் மேகத்தை வென்ற விமானி" என்று கீழே எழுத்து ஓடுகிறது. புயல் மேகத்தைச் சுற்றிக்கொண்டு போக வானத்தில் இடமா இல்லை? அதை ஒரு சேனலும் கேட்கவில்லை.

மேல் மாடிக்காரர் லிஃப்ட் வாசலில் பிடித்துக்கொண்டு, "உங்க கேப்டன் கில்லாடிங்க" என்றார். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கினேன். இப்போதெல்லாம் படிதான். உடம்புக்கு நல்லது.

என் கணவர் வேதமூர்த்தி கேட்கிறார்: "எதுக்கு சோபால உக்காந்துட்டே தூங்குற?"

"படுத்தா தோள் வலிக்குது."

"எந்தத் தோள்?"

"இது."

"முந்தாநாள் அந்தப் பக்கம்னு சொன்ன."

வங்கியில் கையெழுத்துச் சரிபார்க்கிற மனிதர். வீட்டிலும் அதே உத்தியோகம்.

மே 11, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனேன். முதுகெலும்பில் முறிவு. நடந்துவிடுவாள், ஆனால் மாதங்கள் ஆகும் என்கிறார்கள். தொடைப் புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது மட்டும் வாயில் துண்டைக் கடித்துக்கொள்கிறாள். ஊரிலிருந்து அவள் அம்மா சண்முகத்தாய் வந்திருக்கிறாள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை. மகள் ஆகாயத்தில் வேலை பார்ப்பதைத் தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறவள்.

நான் இருக்கும்போதே கேப்டன் பூங்கொத்தோடு வந்தார். சண்முகத்தாய் எழுந்து, கும்பிட்ட கை கும்பிட்டபடி, "சாமி, டி.வி.யில எல்லாம் பாத்தேன். எம்புள்ள உசுர நீங்கதான் மீட்டுக் குடுத்திருக்கீக. உங்க குலம் நல்லா இருக்கணும்" என்று அவர் காலைத் தொடக் குனிந்துவிட்டாள். அவர் பதறிப் பின்வாங்கி, "ஐயோ, என் கடமைதாம்மா" என்றார். பூரணி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பூங்கொத்தைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீசவேண்டும் போல இருந்தது. வீசவில்லை. தண்ணீர் ஊற்றி ஒரு ஜக்கில் வைத்தேன்.

வராந்தாவில் அவரை நிறுத்தினேன்.

"நீங்க அன்னிக்கு எங்ககிட்ட என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா, கேப்டன்?"

"என்ன சொன்னேன், தாட்சாயணி?"

"சைன் போட்டாலும் சர்வீஸை நிறுத்தாதீங்கன்னு."

அவர் கோபப்படவில்லை. உண்மையாகவே யோசித்தார். "அது வழக்கமா சொல்றதுதானேம்மா. எல்லாருந்தான் சொல்றோம். எந்த ஃப்ளைட்ல சொன்னேன், எதுல சொல்லலைன்னு எப்படி ஞாபகம் இருக்கும்?"

பொய் சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். அவர் சொன்னது நிஜம்.

மே 14, புதன்

வந்தனா மேடம் கூப்பிட்டு அனுப்பினார். எங்கள் பிரிவுக்கு மேலாளர். ஏசி அறை, பிஸ்கட், காபி. காபியைத் தொடவில்லை. சூடான எதையும் யாரும் என் பக்கத்தில் வைப்பது இப்போது பிடிக்கவில்லை.

"விஷயம் ரொம்ப சிம்பிள், தாட்சாயணி. சைன் ஆன்ல இருந்தது. பாசஞ்சர்ஸ்ல பெல்ட் போட்டிருந்த ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. பூரணி நின்னுட்டிருந்தா. ரூல் என்ன சொல்லுதோ அதை அவ பண்ணல. அஜாக்கிரதை. நான் சொல்லல, ரூல் சொல்லுது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைப் பார்த்திருக்கிறேன். பூசணித் தோட்டத்தையே மறைக்கிறார்கள் இவர்கள்.

"அவ ட்ரெய்னி மாதிரி, மேடம். கேப்டன் சொன்னதைக் கேட்டா."

"கேப்டனுக்கு அப்படிச் சொன்னதா நினைவில்லை. இருபத்து மூணாம் தேதி விசாரணைல உங்களையும் கேப்பாங்க. நிதானமா யோசிச்சுட்டு வாங்க." பிறகு பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினார். "பயிற்சிப் பள்ளியில ஒரு இடம் காலியாகுது. உங்க அனுபவத்துக்கு நீங்கதான் சரி. இனிமே நீங்க பறக்க வேண்டாம். காலையில போயிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம்."

இனிமே நீங்க பறக்க வேண்டாம். அந்தச் சொல் காதில் விழுந்ததும் மூச்சு இறங்கி வந்தது. என்னை அறியாமல் ஒரு பிஸ்கட்டை எடுத்துத் தின்றுவிட்டேன். வெளியில் வந்த பிறகு அதற்காக என்னையே அறையலாம் போல இருந்தது.

மே 15, வியாழன்

காய்கறி. கத்தரிக்காய் முழுக்கச் சொத்தை. கடைக்காரரோடு சண்டை.

மே 17, சனி

காலை மதுரை விமானம் எனக்குப் போட்டிருந்தார்கள். பணியாளர் வாசல் வரை போனேன். அங்கிருந்து மூக்கடைப்பு என்று போன் செய்துவிட்டுத் திரும்பிவிட்டேன். மூக்கடைப்போடு பறந்தால் செவிப்பறை போய்விடும், அது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

"உனக்கு ஜலதோஷமே இல்லையே" என்றார் வேதமூர்த்தி.

"உங்களுக்கு என் மூக்கைப் பத்தி என்ன தெரியும்?"

அவர் கஷாயம் போட்டுக் கொடுத்தார். ஆறவைத்துக் கொடுத்தார். அதைக் கவனித்ததும் அவர்மேல் இன்னும் எரிச்சலாக வந்தது.

மே 20, செவ்வாய்

டெனிஸைப் பல்லாவரம் ஸ்டேஷன் பக்கத்து ஜூஸ் கடையில் பார்த்தேன். போனில் பிடி கொடுக்காததால் நேரிலேயே வரச் சொன்னேன்.

"மேம், நான் பின்னாடி பெட்டியை எண்ணிட்டிருந்தேன். கேப்டன் என்ன சொன்னார்னு சரியா காதுல விழல."

"என் பக்கத்துல நின்னு 'ஓகே கேப்டன்'னு சொன்னது யாருடா? உன் ஆவியா?"

"எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்கு, மேம்."

"கழுதை, அவ தலையைக் கையில ஏந்திட்டு அழுதியே. அந்தக் கையால சத்தியம் பண்ணு, காதுல விழலன்னு."

அவன் கண் கலங்கிவிட்டது. ஆனால் வாயை அடக்கவில்லை. "நீங்க மட்டும் என்ன, மேம்? ட்ரெய்னிங் ஸ்கூல் இடம் உங்களுக்குன்னு பேசிக்கிறாங்க. வாங்கிட்டுத்தானே எங்களைக் கேக்கறீங்க?"

வாங்கவில்லை என்று சொன்னேன். வேண்டாம் என்று வந்தனாவிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டான். இன்னும் இல்லை. ஜூஸைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

மே 22, வியாழன்

பூரணி போன் செய்தாள். இப்போது சாய்ந்து உட்கார விடுகிறார்களாம்.

"அக்கா, ஆபீஸ்லருந்து ஆள் வந்தாக. நாந்தான் கவனமில்லாம நின்னுட்டேன்னு ஒத்துக்கிட்டா, ஒடம்பு சரியானப்புறம் கவுண்டர்ல எதாச்சும் வேலை போட்டுத் தருவாகளாம். இல்லேன்னா அஜாக்கிரதைன்னு சொல்லி நீக்கிருவாகளாம். அப்படி நீக்கிட்டா வேற எந்தக் கம்பெனிலயும் எடுக்க மாட்டாக. ஒத்துக்கிடட்டுமாக்கா?"

"நீ என்ன தப்பு பண்ணின?"

"தெரியலக்கா. எனக்கே இப்பச் சந்தேகமா இருக்கு. அவுக அத்தனை தரம் சொல்றாக." "அன்னிக்கு உங்களத்தான் பாத்தேன். நீங்க ஒரு கண்ணக் காட்டியிருந்தாக்கூட உக்காந்திருப்பேன். நீங்களும் ஸ்பீக்கரத்தான பாத்தீக."

குற்றம் சொல்லவில்லை. மழை பெய்தது, வெயில் அடித்தது என்று சொல்வது போலச் சொன்னாள். நாளை வரை எதற்கும் தலையாட்டாதே என்று சொல்லி போனை வைத்தேன்.

அவள்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். ஏன் என்று எழுதப் போவதில்லை.

மே 23, வெள்ளி

விசாரணை. நீள மேசை. மூன்று அதிகாரிகள், ஓரத்தில் வந்தனா மேடம். எனக்கு முன்னால் டெனிஸ் போய்விட்டு வந்தான், என் முகத்தைப் பார்க்கவில்லை. புதிதாகச் சேர்ந்த பெண் அதற்கும் முன்பே முடித்துவிட்டுப் போயிருந்தாள்.

நடுவில் இருந்தவர் கேட்டார்: "சர்வீஸை நிறுத்த வேண்டாம்னு கேப்டன் சொன்னாரா?"

"சொன்னார்."

வந்தனா மேடம் பேனாவை மேசையில் வைத்தார். அவ்வளவுதான், பயிற்சிப் பள்ளி போயிற்று. சத்தம்கூட வரவில்லை.

"மத்த ரெண்டு பேரும் கேக்கலன்னு சொல்றாங்களே?"

"அவங்க பயப்படறாங்க. கேட்டாங்க."

"சரி. அவர் சொன்னார்னே வச்சுக்குவோம். நீங்க க்ரூ லீட். ஆபத்துன்னு தோணினா கேப்டன் சொல்ற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல. உங்க தலைக்குப் பக்கத்துலயே இன்டர்காம் இருக்கு. எடுத்து 'உக்காருங்க'ன்னு சொல்ல உங்களுக்கு அதிகாரம் உண்டு. உண்டா, இல்லையா?"

"உண்டு."

"ஏன் சொல்லல?"

இந்த இடத்தில் நான் அழுவேன் என்று எதிர்பார்த்தார்கள் போல, ஒருவர் டிஷ்யூ டப்பாவை நகர்த்தினார். அதைப் பார்த்ததும் உச்சந்தலை வரை சூடேறிவிட்டது.

"ஏன் சொல்லலன்னா, உங்க கம்பெனியில எந்த லீடும் சொல்லி நான் பாத்ததில்ல. சொன்னா மறுநாள் 'ஏன் டீ விக்கல'ன்னு மெயில் வரும். அந்த மெயிலை அனுப்பறது இந்த மேடம்தான், கேளுங்க. விளக்கு எரியறப்போ நாங்க நிக்கறது உங்களுக்குத் தெரியாதா? நீங்க எல்லாரும் எங்க ஃப்ளைட்லதானே போறீங்க? விளக்கு எரியறப்போ எங்க கையால டீ வாங்கிக் குடிச்சதில்லையா? அப்போ ஒருத்தராவது 'உக்காரும்மா'ன்னு சொல்லியிருக்கீங்களா? ரூல் அன்னிக்கு எங்க போயிருந்துச்சு? விழுந்தவ தலையில மட்டும் வந்து உக்காருதா?"

"கத்தாதீங்க."

"கத்துவேன். அவ ஒத்துக்கிட்டா கவுண்டர்ல வேலைன்னு ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பினது யாரு? அந்தப் பொண்ணு என்னைப் பாத்து நின்னா. யார் மேலயாவது எழுதணும்னா என் பேரை எழுதுங்க, கேப்டன் பேரை எழுதுங்க, மெயில் அனுப்பறவங்க பேரை எழுதுங்க. அவ பேரை எழுதினீங்கன்னா, டி.வி.க்காரன் கேப்டனுக்குத் தந்த அதே மைக்கை நானும் வாங்குவேன்."

வெளியில் வந்து ஓரமாக உட்கார்ந்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இன்று இரண்டையும் ஒரே அறையில் வைத்துவிட்டு வந்தேன்.

மே 24, சனி

டெனிஸிடமிருந்து குறுஞ்செய்தி: "திரும்பப் போய்ச் சொல்லிட்டேன் மேம். கேட்டேன்னு." பதில் அனுப்பவில்லை. ஒரு நாள் கொதிக்கட்டும்.

ஜூன் 2, திங்கள்

முடிவு வந்துவிட்டது. பூரணியின் பெயருக்கு எதிரே அஜாக்கிரதை இல்லை. வேலை இருக்கிறது, குணமாகும் வரை சம்பளத்தோடு விடுப்பு. கேப்டனுக்கு அறிவுரை. எனக்குக் கண்டனம், கடமை தவறியதாக. வந்தனா மேடத்துக்கு ஒன்றும் இல்லை, அவருக்கு எப்போதும் ஒன்றும் இல்லை. பயிற்சிப் பள்ளிக்கு வேறு யாரோ போகிறார்கள்.

சண்முகத்தாய் போனில், "தாயி, கேப்டன் அய்யாதான் பேசி வேலைய மீட்டுத் தந்தாராக்கும்?" என்று கேட்டாள். பின்னால் பூரணி, "எம்மா, சும்மா கெட!" என்று கத்தியது கேட்டது. இவ்வளவு நாளில் அவள் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நன்றாக இருந்தது.

எனக்கு வியாழக்கிழமை இரவு கொல்கத்தா விமானம் போட்டிருக்கிறார்கள். போட்டவருக்குக் குசும்பு அதிகம். இனி மூக்கடைப்பு என்று சொன்னால் மருத்துவரிடம் அனுப்புவார்கள்.

ஜூன் 4, புதன்

வேதமூர்த்தியிடம் சொல்லிவிட்டேன், எனக்குப் பயமாக இருக்கிறது என்று. "தெரியும்" என்றார். தெரியுமாம். ஒரு மாதமாகத் தெரிந்துகொண்டு கஷாயம் போட்டிருக்கிறார்!

ஜூன் 6, வெள்ளி

போனேன். வந்தேன்.

திரும்பும்போது அதே இடது பக்கம், அதே சத்தமில்லாத மின்னல். தூரத்தில்தான். கேப்டன் வேறொருவர், பேச்சில் மரியாதை, வயதில் என்னைவிடச் சிறியவர். பெல்ட் விளக்கு எரிந்தது. ஒலிபெருக்கியில் வேறு ஒன்றும் வரவில்லை. நடுவில் ஒரு பெண் கூஜாவோடு நின்றாள். பூரணி மாதிரியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

இன்டர்காமை எடுத்தேன். "கேபின் க்ரூ, உட்காருங்கள்" என்றேன். என் குரல் மாதிரியே இல்லை. அந்தப் பெண் டிராலியைப் பூட்டிவிட்டு ஓடிப்போய் உட்கார்ந்தாள். நான் என் இருக்கையில் பட்டையை இழுத்து, வலிக்கிற அளவுக்கு இறுக்கிக்கொண்டேன்.

முன் வரிசைக்காரர் ஒருவர், "காசு குடுத்து டீ கேட்டிருக்கேன், நீங்க பாட்டுக்கு உக்காந்துட்டீங்க?" என்றார்.

"விளக்கு அணைஞ்சதும் வரும், சார்."

"ஒண்ணும் ஆடவே இல்லையேங்க!"

"ஆடினதுக்கு அப்புறம் உக்கார எனக்குத் தெரியாது, சார்."

காக்பிட்டிலிருந்து மணி அடித்தது. "மேம், நான் க்ரூவை உக்காரச் சொல்லலையே? லேசாத்தான் இருக்கு. ரெண்டு டீ அனுப்புங்களேன்."

"விளக்கு எரியுது, கேப்டன்."

"அது சும்மா, ஒரு முன்ஜாக்கிரதைக்கு."

"நானும் அதுக்குத்தான் உக்காந்திருக்கேன். விளக்கை அணைச்சுட்டுக் கேளுங்க, நானே எடுத்துட்டு வர்றேன்."

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. விளக்கு அணையவில்லை. நாங்கள் எழவில்லை. சென்னை வரும் வரை நான் கண்ணை மூடாமல் பட்டையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். விமானம் ஒரே ஒரு குலுக்கலோடு ஆட்டத்தை நிறுத்திக்கொண்டது. டீ விற்கவில்லை, நூடுல்ஸ் விற்கவில்லை. மெயில் இன்று காலை வந்துவிட்டது, இன்னும் திறக்கவில்லை.

தரை தொட்டபோது ஒருவரும் கை தட்டவில்லை. டீ கிடைக்காதவர் இறங்கும்போது என்னை மேலும் கீழுமாக முறைத்துக்கொண்டே போனார். போகட்டும். சொந்தக் காலில் நடந்துபோய், வீட்டில் டீ குடித்துக்கொண்டு, என்னைத் திட்டட்டும்.